பிக்-அப் டிரக்கில் ஆயில் ஃபில்டரைச் சிந்தாமல் மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயில் மாற்றும் வேலையில் ட்ரெயின் பிளக் அவ்வளவு தொல்லை தருவதில்லை. கீழே தட்டை வைத்து பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் நேராக விழுந்துவிடும். வம்பெல்லாம் ஃபில்டரில்தான். அரைச் சுற்று தளர்த்தியதுமே அதன் வெளிச்சுவரில் எண்ணெய் வழிகிறது, வண்டிச் சட்டத்தின் குறுக்குத் தண்டான கிராஸ்மெம்பரின் மேல் ஓடுகிறது, அடிப்பாகத்தைக் காக்கும் தகடான ஸ்கிட் பிளேட்டுக்குள் தேங்குகிறது, கடைசியில் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை வந்துவிடுகிறது.

பெரிய தட்டு ஒன்று, பழைய துணி ஒரு மூட்டை என்பதுதான் இதற்குப் பலர் சொல்லும் வழி. அது சிந்திய பிறகு சமாளிப்பது. ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன்பே அதற்குள் இருக்கும் எண்ணெயை வெளியேற்றுவதுதான் சரியான வேலை. அதற்கு எண்ணெய் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் காற்று புகுந்தால் அது நாம் விரும்பும் வழியில் இறங்கும் என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கிறது

திருகி மாட்டும் சாதாரண ஃபில்டர் ஒரு தகரக் குப்பி. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். வாய்ப்பக்க விளிம்பைச் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியே அழுக்கு எண்ணெய் நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடுவிலுள்ள மரையிட்ட துளை வழியே என்ஜினுக்குத் திரும்புகிறது. சிறு துளைகளுக்கு உட்புறம் ஒரு ரப்பர் மடல் இருக்கும். என்ஜின் நின்றதும் குப்பியில் உள்ள எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடாமல் அது தடுக்கிறது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது உடனே அழுத்தம் கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. என்ஜினுக்கு நல்லது, நமக்குத் தலைவலி: என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் முழுவதும் வடிந்த பிறகும் ஃபில்டர் நிறைந்தே இருக்கும். சிறிய பெட்ரோல் என்ஜின் ஃபில்டரில் ஒரு குவளை அளவு நிற்கும். பெரிய டீசல் என்ஜின் ஃபில்டரில் ஒரு லிட்டருக்கு மேலும் நிற்கலாம்.

அது போக, ஃபில்டருக்கு மேலே என்ஜினின் உட்குழாய்களிலும் ஆயில் கூலரிலும் தங்கிய எண்ணெய், ஃபில்டரை எடுத்த பிறகும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் போனதும் வேலை முடிந்தது என்று தட்டை இழுத்துவிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு குணமும் உண்டு. எண்ணெய் பரப்பைப் பற்றிக்கொண்டு ஓடும். ஃபில்டரின் விளிம்பிலிருந்து நேராகச் சொட்டும் என்று எதிர்பார்ப்போம். அதுவோ சுவரின் அடிப்பக்கமாக ஊர்ந்து, மிகத் தாழ்ந்த முனையைத் தேடிப்போய் அங்கிருந்துதான் விழும். வாய்க்கு நேர் கீழே தட்டை வைத்தும் தரை நனைவது இதனால்தான்.

பிக்-அப்பில் ஏன் கூடுதல் தொல்லை

தரையிலிருந்து உயரம் அதிகம் என்பது ஒரு வசதி. பல டிரக்குகளில் ஜாக்கி போடாமலேயே அடியில் நுழைந்துவிடலாம். ஆனால் எண்ணெய் அதிக உயரத்திலிருந்து விழுவதால் தெறிப்பும் அதிகம். வெளியில் நிறுத்தி வேலை செய்தால், ஒழுக்கு மெலிந்து நூலாகும்போது லேசான காற்றுகூட அதைத் தட்டுக்கு வெளியே தள்ளிவிடும். தட்டின் கீழ் உறுதியான பெட்டி ஒன்றை வைத்து உயர்த்துங்கள். இந்தச் சிறு காரியம் பாதித் தெறிப்பைக் குறைத்துவிடும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் ஃபில்டருக்குக் கீழே முன் டிஃபரென்ஷியல், ஆக்சிலின் ரப்பர் உறைகள், ஸ்டீயரிங் ரேக் என்று ஒரு கூட்டமே இருக்கும். அவற்றின் மேல் எண்ணெய் படிந்தால் தோற்றம் மட்டும் கெடுவதில்லை. ரப்பர் பாகங்கள் நாளடைவில் ஊறி மென்மையாகிவிடும். எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்தால் புகையும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஸ்கிட் பிளேட் இருந்தால் அதற்குள் தேங்கியது நாள்கணக்கில் சொட்டும். நாமோ ஏதோ ஒழுகுகிறது என்று புதிய ஃபில்டரைச் சந்தேகிப்போம். போல்ட் நாலைந்துதான், ஸ்கிட் பிளேட்டை முதலில் கழற்றி ஒதுக்கி வையுங்கள். நடுவில் உள்ள சிறிய மூடித் துவாரத்தின் வழியே வேலை பார்த்துவிடலாம் என்று விளம்பரம் சொல்லும். நம்ப வேண்டாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

முதல் கவனம் தட்டின் கொள்ளளவில். காருக்கு வாங்கிய தட்டு டிரக்குக்குப் போதாது. பெட்ரோல் வி-8 என்ஜின்கள் பலவற்றில் 6.5 முதல் 8 லிட்டர் வரை எண்ணெய் இருக்கும். ராம் டிரக்கின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசலில் சுமார் 11 லிட்டர், ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலில் சுமார் 12 லிட்டர். தட்டு விளிம்பு வரை நிறைந்துவிட்டால் அதை அசைக்காமல் வெளியே இழுப்பது நடக்காத காரியம். கொள்ளளவைவிட மூன்று நான்கு லிட்டர் கூடுதலாகக் கொள்ளும் தட்டாக இருக்கட்டும்.

நைட்ரைல் கையுறை அவசியம். பயன்படுத்திய என்ஜின் ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் படுவது நல்லதல்ல. தோல் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று எச்சரிக்கப்படுகிறது. பட்டை அல்லது குப்பி வடிவ ஃபில்டர் ரென்ச், தடித்த அலுமினியத் தாள், கெட்டியான பிளாஸ்டிக் பை, கூரான குத்தூசி, சுத்தியல், பஞ்சு போகாத துணி, டார்ச் விளக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச், ட்ரெயின் பிளக்குக்குப் புதிய வாஷர். இவ்வளவு போதும்.

புதிய ஃபில்டரை இப்போதே பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் மரைகளில் 20 மில்லிமீட்டர் அளவும் முக்கால் அங்குல அளவும் புழக்கத்தில் உள்ளன. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர்; கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. குப்பி ஒரே அளவில் இருக்கிறது என்பதை நம்பாமல், பாக எண்ணை வண்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கீழே சொல்லப்போகும் ஒரு முறையில் பழைய ஃபில்டரைத் துளைத்துவிடுவோம். அதன் பிறகு வண்டி நகராது.

வேலையைத் தொடங்குதல்

சமதரையில் நிறுத்துங்கள். என்ஜின் ஐந்து நிமிடம் ஓடட்டும். பிறகு நிறுத்திக் கால் மணி முதல் அரை மணி நேரம் விடுங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் நன்றாக ஓடும், கையையும் சுடாது. நீண்ட பயணம் முடித்த கையோடு அடியில் படுப்பது மடத்தனம்; கொதிக்கும் எண்ணெய் கையுறையைத் தாண்டிச் சுடும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ராம்ப் அல்லது ஜாக்கி ஸ்டாண்ட் மீது நிற்க வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வையுங்கள். மேலே காற்று புகுந்தால் கீழே எண்ணெய் சீராக இறங்கும்.

இப்போது ட்ரெயின் பிளக்கா, ஃபில்டரா, எது முதலில் என்ற கேள்வி. ஃபில்டர் அடியிலோ பக்கவாட்டிலோ இருந்தால் ட்ரெயின் பிளக் முதலில். ஃபில்டர் என்ஜினின் மேற்பகுதியில் இருந்தால் வரிசை மாறும்: முதலில் ஃபில்டருக்குக் காற்று வழி கொடுத்து, அதிலுள்ள எண்ணெய் சம்ப்புக்கு இறங்கிய பிறகுதான் ட்ரெயின் பிளக். மேலிருந்து இறங்கும் அழுக்கு எண்ணெயும் அப்போதுதான் தட்டுக்கு வந்து சேரும்.

ஃபில்டர் எந்தத் திசையில் நிற்கிறது?

நேராகக் கீழே தொங்கும் ஃபில்டர் அதிகம் படுத்தாது. வாய் மேலே இருப்பதால் குப்பியே கிண்ணமாகிவிடுகிறது. மெதுவாகத் தளர்த்தி, கடைசி மரை விடுபடும்போது சாய்க்காமல் இறக்கினால் போதும். விளிம்பில் வழிவது ஒரு சிறங்கைதான்.

தொல்லையின் தலைமையகம், படுக்கைவாட்டில் நிற்கும் ஃபில்டர். தளர்த்திய கணமே ஃபில்டர் வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான கேஸ்கெட்டின் அடி விளிம்பு திறந்து, உள்ளே இருப்பதெல்லாம் குப்பியின் அடிவயிற்றில் வழியும். டிரக்குகளில் இந்த அமைப்புக்குப் பஞ்சமே இல்லை. வடிவமைத்தவர் ஒரு நாளாவது தன் கையால் இதைக் கழற்றிப் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றும். கையாள இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பை முறை. ரென்சால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், ஒழுகத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையைக் குப்பி முழுவதையும் மூடும்படி மாட்டி, அதன் வாயின் கீழ் விளிம்பு கேஸ்கெட்டுக்கும் பின்னால், என்ஜின் சுவரை ஒட்டி இருக்கும்படி ஒரு கையால் பிடியுங்கள். மறு கையால் பைக்கு வெளியிலிருந்தே ஃபில்டரைத் திருகுங்கள். ஒழுகுவது பைக்குள் விழும். ஃபில்டர் விடுபட்டதும் பையோடு கீழே இறக்கிவிடலாம். கை நுழைய இடம் இருந்தால் இதுவே மிகச் சுத்தமான முறை. குப்பிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழையும் என்றால் பை கிழியும். அடுத்த வழிக்குப் போங்கள்.

அது துளை முறை. ஒரு துளை மட்டும் உள்ள எண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் முக்கி முக்கி ஊற்றும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டதும் தாரையாக வரும். ஃபில்டரிலும் அப்படியே. ஆனால் வரிசை முக்கியம். முதலில் ரென்சால் தளர்த்தி, ஃபில்டர் அசைந்து கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீண்டும் கையால் இறுக்கி வையுங்கள். ஏனென்றால் துளைத்த தகரம் வலுவிழந்துவிடும். இறுகிப்போன ஃபில்டரை அதன் பிறகு திருகினால் நசுங்குமே தவிரக் கழலாது. அசைகிறது என்று உறுதியானதும், குப்பியின் மூடிய முனைக்கு அருகே மேற்பக்கத்தில் ஒரு துளை, அடிப்பக்கத்தில் ஒரு துளை. மேல் துளையை முதலில் போட்டால், அடித் துளையைப் போட்டதும் எண்ணெய் தங்குதடையின்றி இறங்கும். தட்டை அதற்கு நேராக முன்பே வைத்திருங்கள். குத்தூசியால் குத்துவதோடு நிறுத்துங்கள்; டிரில் வேண்டாம், அது உலோகத் துருவலை உண்டாக்கும். பத்து நிமிடம் கழித்துக் கழற்றினால் எஞ்சிய சொட்டுகளுக்கு ஒரு துணி போதும்.

இரண்டு முறையிலுமே அலுமினியத் தாள் துணைக்கு வரும். இரண்டு மூன்று மடிப்பாக்கி, ஃபில்டர் மாட்டும் இடத்தின் அடி விளிம்பை ஒட்டி அழுத்தி, முன் முனை தட்டுக்குள் இறங்கும்படி வாய்க்கால் போல வளையுங்கள். மேல் முனை என்ஜின் சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால், பரப்பைப் பற்றி ஓடும் எண்ணெய் வாய்க்காலுக்கு அடியில் புகுந்து தன் பழைய வழியிலேயே போய்விடும். கிராஸ்மெம்பர், ஸ்டீயரிங் ரேக் ஆகியவற்றின் மேலும் ஒரு தாளைப் போர்த்திவிடுங்கள்.

வாய் கீழாகவும் மூடிய முனை மேலாகவும் நிற்கும் ஃபில்டரும் உண்டு. 2005 முதல் 2015 வரை வந்த டொயோட்டா டகோமாவின் 4.0 லிட்டர் என்ஜின் இதற்கு உதாரணம். பார்க்கப் பயமுறுத்தும். ஆனால் இதைப் போல எளிதாக அடங்குவது வேறில்லை. கால் சுற்று தளர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் கையால் இறுக்கி, உச்சியில் ஒரே ஒரு துளை போடுங்கள். காற்று மேலிருந்து புகுந்ததும் எண்ணெய் காகிதத்தின் வழியே நடுத் துளையில் இறங்கி என்ஜினுக்குள்ளேயே வடிந்துவிடும். குத்தும்போது விழும் தகரத் துணுக்கு காகிதத்தின் அழுக்குப் பக்கத்தில்தான் விழும், உட்பக்கத்துக்குப் போகாது. கால் மணி நேரம் விட்டு, அடியைச் சுற்றித் துணியைச் செருகிக் கழற்றுங்கள்.

கார்ட்ரிட்ஜ் வகை

தகரக் குப்பி இல்லாமல், நிரந்தரக் கூட்டுக்குள் காகித உருளையை மட்டும் மாற்றும் வகை இது. ராம் 1500-இன் 3.6 லிட்டர் வி-6 என்ஜினில் மேற்பக்கத்திலேயே, இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில் இருக்கிறது. மூடியை மெதுவாகத் திருகி முழுவதும் விடுவியுங்கள், உடனே வெளியே தூக்காதீர்கள். ஒரு விரலளவு உயர்த்திச் சில நிமிடங்கள் அப்படியே விட்டால் கூட்டில் உள்ளது சம்ப்புக்கு இறங்கிவிடும். பிறகு அடியில் துணியை ஏந்தியபடி வெளியே எடுங்கள். சுற்றிலும் உள்ள பள்ளத்தில் முன்பே துணி விரித்திருப்பது நல்லது. அங்கே தேங்கிய எண்ணெய் என்ஜினின் பின்பக்கமாக வழிந்து, பெரிய ஒழுக்கு வந்துவிட்டதோ என்று பிறகு ஏமாற்றும்.

டொயோட்டாவின் பல என்ஜின்களில் கூடு அடியில் தொங்கும். மூடியின் நடுவே ஒரு சிறு பிளக் இருக்கும். அதைக் கழற்றி, ஃபில்டரோடு வரும் பிளாஸ்டிக் குழலை அழுத்திச் செருகினால் உள்ளிருக்கும் வால்வு திறந்து எண்ணெய் குழல் வழியே வடியும். அந்தக் குழலை எதற்கென்று தெரியாமல் தூக்கி எறிந்துவிட்டு மூடியை நேரடியாகத் திருகுபவர்கள் ஏராளம். அது சும்மா வரவில்லை.

மூடியின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் மாற்றுங்கள், அதற்கென்று உள்ள பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மரை தள்ளி மாட்டினாலும் ஒழுகும். பல மூடிகளில் 25 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருப்பார்கள். டார்க் ரென்சால் அந்த அளவுக்கே இறுக்குங்கள். பிளாஸ்டிக் மூடியை வலுவாக இறுக்கினால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த முறை கழற்றும்போது விரிசல் விடும்.

அசையவே மறுத்தால்

ரென்ச்சை வாய்ப்பக்கம், அதாவது என்ஜினை ஒட்டிய முனையில் பிடியுங்கள். தகரத்துக்கு வலு அங்கேதான். பட்டை வழுக்கினால் குப்பியைத் துடைத்து, நடுவே உப்புத்தாளை அதன் சொரசொரப்பு குப்பியில் படும்படி வைத்துப் பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே அடித்துத் திருப்பும் பழைய வித்தை பெரும்பாலும் தகரத்தைக் கிழித்து, அடித்தகட்டை மட்டும் என்ஜினில் விட்டுவிடும். வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

புதியதை மாட்டும் முன்

பழைய ஃபில்டரின் வாயைப் பாருங்கள். கேஸ்கெட் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது என்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் இரண்டு கேஸ்கெட்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். சில நொடிகளில் எண்ணெய் முழுவதும் தரைக்கு வரும். கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினே போய்விடும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கருமையான ரப்பர் எண்ணெய்ப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்து, விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள்.

அந்தப் பரப்பைத் துடைத்து, புதிய கேஸ்கெட்டில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். ஃபில்டரில் முன்கூட்டியே எண்ணெய் நிரப்புவது தொங்கும் வகைக்குப் பொருந்தும். ஊற்றுவதானால் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியே ஊற்றுங்கள்; நடுத் துளையில் ஊற்றினால் வடிகட்டாத எண்ணெய் நேராக என்ஜினுக்குப் போகும். படுக்கை வகையில் நிரப்பினால் மாட்டும்போதே கொட்டும். அதில் காகிதம் ஊறும் அளவுக்கு மேல் வேண்டாம்.

கையால் திருகி, கேஸ்கெட் தொட்ட இடத்திலிருந்து பொதுவாக முக்கால் முதல் ஒரு சுற்று. உங்கள் ஃபில்டரின் மேல் அச்சிட்ட அளவு வேறாக இருந்தால் அதுவே கணக்கு. ரென்சால் இறுக்குவதுதான் அடுத்த முறை கழலாமல் போவதற்குக் காரணம். ட்ரெயின் பிளக்குக்குப் புதிய வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்து பார்த்தல்

குறிப்பிட்ட அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் எச்சரிக்கை விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடும்போது ஃபில்டரைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பே துடைத்து வைத்த பரப்பில் புதுச் சொட்டு பளிச்சென்று தெரியும். நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறையை நிரப்புங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் சிந்தும். ஃபிரேமிலும் கிராஸ்மெம்பரிலும் படிந்ததைத் துணியால் துடைத்து, பிறகு பிரேக் கிளீனர். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அதைத் தெளிக்க வேண்டாம். சில பிரேக் கிளீனர்கள் எளிதில் தீப்பற்றும். குளோரின் கலந்தவை சூட்டில் நச்சு வாயுவாக மாறும். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைப் போட்டு, செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்து, ஊறவிட்டுப் பெருக்குங்கள். தண்ணீரை ஊற்றினால் பரவத்தான் செய்யும்.

பழைய ஃபில்டரில் இன்னும் எண்ணெய் இருக்கும். உச்சியில் துளையிட்டு, தட்டின் மேல் வாய் கீழாக ஒரு நாள் கவிழ்த்து வையுங்கள். அந்த எண்ணெயையும் தட்டில் உள்ளதையும் ஆயில் வந்த டின்களிலேயே ஊற்றி, ஃபில்டரோடு சேர்த்துப் பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பிரேக் ஃப்ளூயிட், கூலண்ட் எதையும் அதோடு கலக்காதீர்கள். கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள்.

ஃபில்டரை வசதியான வேறிடத்துக்கு மாற்றும் குழாய்த் தொகுப்புகளும் விற்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அழுக்கைத் தவிர்க்க, அழுத்தத்தில் இயங்கும் இரண்டு ரப்பர் குழாய்களையும் நான்கு இணைப்புகளையும் என்ஜினில் சேர்ப்பது எனக்கு நல்ல பேரமாகத் தெரியவில்லை. ட்ரெயின் பிளக்குக்குப் பதில் மாட்டும் வால்வு பயனுள்ளது. கல்லும் முள்ளும் உள்ள பாதையில் ஓட்டுபவர்கள் மட்டும், அது சம்ப்புக்குக் கீழே எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

ஸ்கிட் பிளேட்டை அன்றே மாட்டிவிடாதீர்கள். ஒரு முறை ஓட்டிவிட்டு வந்து, ஃபில்டரின் அடியைத் தடவிப் பார்த்து, விரல் உலர்ந்திருந்தால் அப்போது மாட்டுங்கள்.